தாமிரபரணியின் பழைய அணைகள் சிமெண்ட் இல்லாமல் எப்படி நிற்கின்றன?

கேள்வி இதுதான்: “பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் இருக்கும் பழைய அணைக்கட்டுகள் சிமெண்ட்டும் கம்பியும் இல்லாமல் இத்தனை காலம் எப்படி நிற்கின்றன? ஆற்றுக்குக் குறுக்கே நேராகப் போகாமல் ஏன் கோணலாகவும் வளைவாகவும் போகின்றன? இன்றைக்கு அதே முறையில் கட்டினால் நிற்குமா?”

முதலில் ஒரு திருத்தம். கட்டிய நாளில் இருந்தபடியே அவை நிற்கவில்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் கல் போயிருக்கிறது, கோடைக்குக் கோடை கல் வைத்திருக்கிறார்கள். “ஆயிரம் வருஷமாக அசையாத அதிசயம்” என்று பகிரப்படும் படங்களை நம்பினால் அந்த வேலையை அறிந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் நம் கண்ணில் படாமலே போகும். அசையாமல் கட்டுவது அவர்கள் நோக்கமே இல்லை. போனால் கொஞ்சம் போகவேண்டும், முழுசாகப் போகக்கூடாது. போனதை உள்ளூர்க் கல்லையும் உள்ளூர்க் கொத்தனையும் வைத்துச் சரிசெய்ய முடியவேண்டும். அதுதான் கணக்கு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். ‘அணை’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்லுவது இரண்டு வேறு பொருள்களை. பாபநாசம் அணை (143 அடி), மணிமுத்தாறு (118 அடி), சேர்வலாறு (156 அடி) எல்லாம் தண்ணீரைத் தேக்கி வைப்பவை. மூன்றுமே 20-ஆம் நூற்றாண்டின் வேலை. கேள்வியில் உள்ளவை அணைக்கட்டுகள். இவை எதையும் தேக்கி வைப்பதில்லை. ஆற்றின் மட்டத்தை ஆள் உயரத்துக்கு உயர்த்தி, பக்கத்தில் இருக்கும் காலின் (கால்வாயை இங்கே ‘கால்’ என்போம்) வாய்க்குள் தண்ணீரைத் திருப்பிவிடும். மிச்சம் தலைக்கு மேலே வழிந்து போய்விடும். மேலேயிருந்து வரிசையாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பிரிட்டிஷாருக்கு முன்பே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் கட்டியது. இந்த எட்டிலிருந்தும் 11 கால்கள் பிரிகின்றன: கோடைமேலழகியான் வடகால், தென்கால், நதியுண்ணிக் கால், கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். பாசனம் 86,107 ஏக்கர்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். எட்டு அணையும் ஒரே ஆற்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. மேல் அணையில் கசிகிற தண்ணீர் வீணாகப் போவதில்லை, கீழ் அணைக்குப் போகிறது. கன்னடியன் கால் பாயும் வயலில் வடிகிற தண்ணீரும் ஓடை வழியாகவோ மண்ணுக்குள் இறங்கியோ மறுபடி ஆற்றுக்கே வருகிறது. ஆகவே, ஓர் அணை ஒழுகினால் அது குற்றமில்லை. சொட்டு விடாமல் அடைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் சுண்ணாம்பும் கல்லும் போதுமானதாக இருந்தன. ஒழுகாத அணை கட்டவேண்டும் என்றால் அடித்தளம், சாந்து, உயரம் எல்லாமே வேறு கணக்காகிவிடும்.

இனி கோணல் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றில் இதுதான் சுவையான கேள்வி.

ஒரு கட்டையின் (குறுக்குத் தடுப்பின்) மேல் வழியும் தண்ணீரின் அளவு எதைப் பொறுத்தது என்று 1717-ல் இத்தாலியின் போலேனி எழுதினார். இன்றைக்கு சிவில் படிக்கும் பிள்ளைகள் எழுதுகிற வடிவில் சொன்னால்: வழியும் அளவு, கட்டையின் நீளத்தோடு நேர் விகிதத்திலும், மேலே நிற்கும் தண்ணீரின் ஆழத்தின் ஒன்றரை அடுக்கோடும் பெருகும். அகலமான தலை உள்ள கட்டைக்கு மீட்டர் அளவில் கெழு சுமார் 1.7. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். விநாடிக்கு 1,000 கன மீட்டர் வெள்ளம் வருகிறது. ஆறு 200 மீட்டர் அகலம், அணையும் நேராக 200 மீட்டர். தலைக்கு மேல் தண்ணீர் சுமார் 2.05 மீட்டர் நிற்கும். அதே இடத்தில் அணையைச் சாய்த்து, வளைத்து 600 மீட்டர் நீளமாக்கிவிட்டால் தலைக்கு மேல் 1 மீட்டர்தான். சாய்ந்த அணையில் தண்ணீர் நேர்குத்தாக வந்து விழாது என்பதால் முழுப் பலனும் கிடைக்காது. ஆனாலும் பெரும்பகுதி கிடைக்கும்.

இந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தில் எத்தனையோ அடங்கியிருக்கிறது. மேல்பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் ஊருக்கும் வயலுக்கும் வெள்ள மட்டம் ஒரு மீட்டர் குறைகிறது. அணையின் ஒவ்வொரு அடி நீளத்தின் மீதும் விழும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிறது. தண்ணீரின் வேகம் குறைகிறது, அந்த வேகந்தான் கல்லைப் புரட்டுவது. ஓடும் நீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் அடுக்கோடு பெருகும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி. வேகம் இரண்டு மடங்கானால், முன்பு 10 கிலோ கல்லைப் புரட்டிய ஆறு இப்போது 640 கிலோ கல்லைப் புரட்டும். வேகத்தைச் சற்றே குறைத்தாலும் ஆறு புரட்டக்கூடிய கல்லின் எடை வெகுவாகக் குறைந்துவிடும்.

மருதூர் அணையைப் போய்ப் பாருங்கள். குதிரை லாடம் போல வளைந்து, நாலாயிரம் அடி அளவுக்கு நீண்டு கிடக்கும். ஆற்றின் அகலத்துக்கு அது ரொம்ப அதிகம். போலேனியைப் படித்துவிட்டு யாரும் அதை வளைக்கவில்லை. நீளமாக இருக்கும் அணையில் வெள்ளம் மெலிந்து வழிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் வளைத்தது. கூடவே இன்னொரு காரணமும் உண்டு: ஆற்றில் பாறை தலைகாட்டும் இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போனால் அடித்தளத்துக்குத் தோண்டவேண்டிய வேலை மிச்சம். பாறை நமக்காக நேர்கோட்டில் படுத்துக் கிடக்காது.

சாய்த்துக் கட்டுவதில் மூன்றாவதாக ஒரு லாபம். சாய்ந்த அணை தண்ணீரைத் தன் கீழ்க்கோடிப் பக்கம் தள்ளிக்கொண்டே வரும். அந்த மூலையில்தான் காலின் வாய் இருக்கும். கோடையில் ஆறு நூலாக ஓடும்போதும் அந்த நூல் காலின் வாய்க்கே வந்து சேரும். ஆனால் மணலும் அங்கேயே வந்து சேரும், அதுதான் இதன் வினை. அதற்காகவே தலைமடைக்கு (கால் தொடங்கும் இடத்து மடைக்கு) பக்கத்தில் அணையிலேயே மணற்போக்கி வைப்பது. வெள்ளம் வடியும் சமயம் அதைத் திறந்துவிட்டால் மூலையில் சேர்ந்த மணலை ஆறே அடித்துக்கொண்டு போகும். திறக்க வேண்டியது வெள்ளம் வடிகிறபோது. வற்றிய பிறகு திறந்து பலனில்லை, மணலைத் தள்ள வேகம் இருக்காது. மணற்போக்கிப் பலகை துருப்பிடித்து மூடியபடி கிடந்தால் இரண்டு மூன்று பருவத்தில் தலைமடை மணலில் புதைந்துவிடும். பிறகு “ஆத்துல தண்ணி ஓடுது, காலுக்கு ஏறலை” என்று கடைமடைக்காரர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குறுக்குவெட்டு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். மேல்பக்கம் செங்குத்தாகவோ சற்றே சாய்வாகவோ கல் கட்டு. தலை அகலம் ஒரு வண்டி போகுமளவுக்குக்கூட இருக்கும். கீழ்ப்பக்கம் நீளமான சரிவு, அதன் மேல் பெரிய பெரிய முரட்டுக் கற்கள். தலையில் வழியும் தண்ணீர் நேராகத் தலைகீழாக விழுந்தால் விழும் இடத்தில் குழி பறிக்கும். சரிவில் கரடுமுரடான கல் மேல் உருண்டு வந்தால் நுரைத்து, தடுமாறி, வேகத்தைத் தொலைத்துவிட்டுத்தான் கீழே வரும். கல்லை மழமழவென்று பூசிவிடக் கூடாது என்பது இதனால்தான். பழைய அணையில் கீழ்ச்சரிவைக் கான்கிரீட் போட்டு வழுவழுப்பாக்கினால் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் வேகம் குறையாமல் அடியில் போய்ப் பாயும், இரண்டே வெள்ளத்தில் சரிவின் நுனிக்குக் கீழே பள்ளம் விழும்.

கல்லின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,650 கிலோ. தண்ணீருக்குள் மூழ்கினால் ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி 1,000 கிலோ போய், 1,650 தான் மிச்சம். செங்கல் கட்டு 1,900 கிலோ என்று வைத்தால் மூழ்கியபின் 900. அதாவது கரையில் செங்கல்லைவிட 1.4 மடங்கு கனமான கருங்கல், தண்ணீருக்குள் 1.8 மடங்கு கனம். ஆற்று வேலைக்குக் கருங்கல்லைத் தேடிப் போனது இதனால்தான்.

இப்போது சுண்ணாம்பு. இதில்தான் கதைகள் அதிகம். கடுக்காய், கருப்பட்டி, முட்டை என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் துணைப் பொருள்கள். உயிர்நிலை வேறு.

சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுத்தமான கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பு மறுபடி காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும். வீட்டுச் சுவருக்கு இது சரி. அணைக்கு? தண்ணீருக்குள் காற்று ஏது? தூத்துக்குடிக் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கும் வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு வெள்ளையடிக்கவும் பூச்சுக்கும் முதல் தரம். ஆற்றுக்குள் வைத்தால் மாதக் கணக்கில் தயிராகவே இருந்து கரைந்து போகும். சுத்தம் கூடக்கூட ஆற்று வேலைக்கு ஆகாது. கேட்க முரணாக இருக்கும், உண்மை அதுதான்.

தண்ணீருக்குள் இறுக வேண்டுமென்றால் களிமண் சம்பந்தம் வேண்டும். இதை ஐரோப்பாவில் முதலில் துலக்கியவர் ஜான் ஸ்மீட்டன். எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்ட (1759-ல் முடிந்தது) எந்தச் சுண்ணாம்பு கடலில் நிற்கும் என்று தேடி, களிமண் கலந்த கல்லைச் சுட்டதுதான் நிற்கிறது என்று கண்டார். பிரான்சின் லூயி விக்கா 1818-ல் அதன் விதியை வகுத்தார். சிமெண்ட் இறுகும் நேரம் பார்க்க லேபில் குத்தும் விக்கா ஊசி அவர் பெயரில்தான். 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பக்கம் இதே காரியம் இரண்டு வழியில் நடந்தது. ஒன்று, சுக்கான் கல். கரிசல் காட்டிலும் ஓடைக் கரையிலும் முண்டும் முடிச்சுமாகக் கிடக்குமே, அதில் களிமண் இயற்கையாகவே கலந்திருக்கும். சுட்டால் அழுக்கு நிறத்தில் வரும் சுண்ணாம்பு, ஈரத்திலேயே இறுகும். மற்றொன்று, சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் தூள். மிதமான சூட்டில் வெந்த களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு தண்ணீருக்குள்ளேயே சேர்ந்து, சிமெண்ட்டில் உண்டாகும் அதே வகைப் பிடிப்பைக் கொடுக்கும், மெதுவாக. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தில்தான் கட்டப்பட்டது.

சாந்து சேர்க்கும் விதம்: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி குறைந்தது இரண்டு வாரம் ஊறப் போடவேண்டும். நீறாத குருணை உள்ளே இருந்தால் அது கட்டுக்குள் போய்ப் பின்னால் நீறும், அப்போது பொரிந்து கல்லைத் தள்ளும். சுர்க்கிக்குக் கருகிப்போன செங்கல்லும் ஆகாது, வேகாததும் ஆகாது. நன்றாக வெந்த செம்மண் செங்கல்லை இடித்து, மாவாகச் சலிக்க வேண்டும். கொறகொறவென்று இருந்தால் அது வெறும் மணலுக்குச் சமானம், சுண்ணாம்போடு சேராது. ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு கழுவிய ஆற்று மணல் என்பது ஈர வேலைக்கு ஒரு நல்ல தொடக்கம். சாந்து அரைக்கும் தொட்டியில் கல் உருளையை மாடு சுற்றி இழுக்கும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பதம் வரவேண்டும். தண்ணீர் கூட்டி இளக்கினால் வேலை சுளுவாகும், சாந்து சொத்தையாகும்.

உடன்குடிக் கருப்பட்டி போட்டார்களா என்றால், போட்டிருக்கிறார்கள். சர்க்கரைச் சத்து சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கும், குறைந்த தண்ணீரில் சாந்து இளகும், இறுகுவது தள்ளிப் போகும். கடுக்காய்த் தண்ணீரையும் அதனோடு சேர்ப்பதுண்டு. கை தாராளமாகிவிட்டால் சாந்து இறுகவே இறுகாது. கருப்பட்டி இருந்தும் சுர்க்கியோ சுக்கான் சுண்ணாம்போ இல்லையென்றால் அந்தச் சாந்து ஆற்றுக்குள் நிற்காது. “நம்ம தாத்தாக்கள் முட்டை வெள்ளைக்கரு போட்டதால்தான் நிற்கிறது” என்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுண்டுகிறது.

சோதித்துப் பார்க்க லேப் வேண்டாம். எலுமிச்சம்பழ அளவில் சாந்தை உருட்டி, ஈரச் சாக்குக்குள் ஏழு நாள் வைத்து, பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். இரண்டு நாளில் ஓரம் கரைந்து தண்ணீர் பால் போலானால் அது காற்றுச் சுண்ணாம்பு. உருண்டை அப்படியே இருந்து, நகம் பதியாவிட்டால் ஆற்றுக்குப் பயன்படும்.

சிமெண்ட்டை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சிமெண்ட்டோடு திருநெல்வேலிக்குப் பழைய உறவு உண்டு; 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-ல் தாழையூத்தில், இங்குள்ள சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் வந்தது. சிக்கல், பழைய சுண்ணாம்புக் கட்டின் இடுக்கை மட்டும் வளமான சிமெண்ட் கலவையால் அடைப்பதில் வருகிறது. உள்ளே மென்மையான, நீர் கசியும் சாந்து. வெளியே இறுகிய தோல். உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை, அழுத்தம் ஏறுகிறது. வெயிலில் கல் விரிவதற்குச் சுண்ணாம்பு இடம் கொடுக்கும், சிமெண்ட் விரிசல் விடும். விரிசலில் ஆல், அரசு விதை விழும். இடுக்கைச் சீர்செய்வதானால் பழைய சாந்தை இரண்டு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, வேரை வெட்டாமல் பிடுங்கி, நன்றாக நனைத்து, பழைய சாந்துக்கு ஒத்த சாந்தையே திணித்து, மூன்று நான்கு வாரம் ஈரச் சாக்கு போட்டுக் காயாமல் வைக்கவேண்டும். கார் பருவத்துக்கு (முதல் போக நெல்லுக்கு) தண்ணீர் திறப்பதற்கு முந்தைய கோடைதான் இதற்கு நேரம்.

அணை விழுவது பெரும்பாலும் மேலே வழியும் வெள்ளத்தால் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. மணல் மேல் நிற்கும் அணைக்கு எதிரி அடியில் போகும் தண்ணீர். மேல்பக்க மட்டத்துக்கும் கீழ்ப்பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அணைக்கு அடியில் மணல் வழியாகத் தண்ணீரைத் தள்ளும். மணலுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்பதற்கு 1856-ல் பிரான்சின் திஜோன் ஊர் ஹென்றி டார்சி விதி கண்டார். 1898 மார்ச்சில் கங்கை மேல் நரோரா அணைக்கட்டு உடைந்தது. அது வெள்ளக் காலமே இல்லை! அடியில் ஏறிய அழுத்தம் தளத்தைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பிளை என்பவர் ஓர் எளிய விதி வகுத்தார்: அடித்தளத்தை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து போகும் தூரம், மட்ட வித்தியாசத்தைப் போல இத்தனை மடங்கு இருக்கவேண்டும், நுண்மணலுக்கு 15, பருமணலுக்கு 12. பருமணல் ஆற்றில் 2 மீட்டர் மட்ட வித்தியாசம் என்றால் 24 மீட்டர் ஊர்வழி (தண்ணீர் ஊரும் தூரம்). 1936-ல் பொறியாளர் கோஸ்லா இதைத் திருத்தினார்: மொத்தத் தூரம் மட்டும் போதாது, தண்ணீர் வெளியே வரும் இடத்தில் அழுத்தத்தின் சரிவு எவ்வளவு கடுமை என்பதுதான் முடிவு செய்யும், கீழ்நுனியில் ஆழமாக ஒரு வெட்டுச்சுவர் (கசிவை மறிக்க மண்ணுக்குள் இறக்கும் சுவர்) இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. பருமணலில் அந்த வெளியேறு சரிவு ஐந்தில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றுக்குள் இருக்கவேண்டும் என்பது இன்றுவரை பாடம்.

பழைய அணைகளை இந்தக் கண்ணால் பார்த்தால் அவை தப்பித்த வழி தெரியும். உயரம் குறைவு, அதனால் தள்ளும் விசை குறைவு. அகலமும் கீழ்ச்சரிவும் நீளம், அதனால் ஊர்வழி அதிகம். முரட்டுக் கல் சரிவு ஒழுகும், அதனால் அடியில் அழுத்தம் சேராமல் ஆங்காங்கே இளைப்பாறிக்கொள்ளும். பாறை கிடைத்த இடத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

கால்களைப் பற்றியும் கொஞ்சம். கன்னடியன் காலுக்கு ஒரு கதை வழங்குகிறது: அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவை முன்னே விட்டு, அது போன வழியெல்லாம் கால் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் தோண்டினார்களாம். கதையைக் கதையாகவே வைத்துக்கொண்டாலும் அதில் ஒரு பொறியாளர் புத்தி இருக்கிறது. மேட்டுச் சரிவில் மேயும் மாடு நேராக ஏறாது, நேராக இறங்காது. சரிவை ஒட்டி மட்டமாகவே நடக்கும். கால் வெட்டவும் அதே கோடுதான் வேண்டும். சாய்மானம் கூடினால் கால் தன் படுகையையே அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து மேடாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேகத்தை 1895-ல் பஞ்சாப் கால்வாய்களை அளந்து கென்னடி என்ற பொறியாளர் சொன்னார்: அங்கே 1 மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு 0.55 மீட்டர். நம் வண்டல் வேறு, எண் மாறும், தத்துவம் மாறாது.

காலின் தண்ணீர் நேராக வயலுக்குப் போவது ஒரு பங்கு, மிச்சம் குளத்துக்கு. நெல்லைக் கால் நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும், ஸ்ரீவைகுண்டம் வடகால் கோரம்பள்ளம் குளத்தில் போய்ச் சேருவதும் இந்த ஏற்பாடுதான். குளத்து மடையில் பழைய குமிழி இருந்தால் நின்று பாருங்கள். இரண்டு கல் தூண், குறுக்கே துளையிட்ட பலகைக்கல், அதன் வழியாக இறங்கும் கம்பு, நுனியில் கூம்பு அடைப்பான், அது உட்காரும் துளை. நீர்ப்பாய்ச்சி (தண்ணீர் திறந்துவிடும் ஆள்) கம்பைத் தூக்கினால் துளை திறக்கும். 3 மீட்டர் ஆழத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையில் தண்ணீர் விநாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் பாயும். 1644-ல் டாரிசெல்லி எழுதிய விதிப்படி போட்ட கணக்கு. தாரை சுருங்குவதைக் கழித்தால் விநாடிக்குச் சுமார் 80 லிட்டர். அத்தனை வேகத்தை மண் கரையில் விட்டால் கரை இருக்காது. கல் பெட்டிக்குள் முட்டி, கொப்பளித்து, ஓய்ந்த பின்தான் வாய்க்காலுக்குப் போகும். குமிழி என்ற பெயரே அந்தக் கொப்பளிப்பில் வந்தது.

கல் அணைக்கும் மண் கரைக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் வெள்ளத்தில்தான் தெரியும். அணையின் தலைக்கு மேல் இரண்டு மீட்டர் தண்ணீர் போகலாம், அது அதற்காகவே கட்டியது. குளத்துக் கரை மேல் ஒரு சாண் தண்ணீர் போனால் சில மணி நேரத்தில் கரை இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது குளங்கள் வரிசையாக உடைந்தது இப்படித்தான். மேல் குளம் உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ்க் குளத்துக்கு வரும். அதன் மறுகால் (நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) அந்த அளவுக்கு அகலம் வைத்ததில்லை. ஊரில் “குளம் மறுகால் பாயுதா அண்ணாச்சி?” என்று கேட்பது வெறும் குசலம் இல்லை. மறுகாலில் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பருவக் கடைசியில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து ஒரு முழம் தண்ணீர் கூடுதலாகப் பிடிப்பது பழைய வழக்கம். பிசானப் பயிரை (இரண்டாம் போக நெல்லை) காப்பாற்றும் தந்திரம் அது. ஆனால் அடைத்தவர்கள் எடுக்க மறந்து, பின்மழை வந்தால், அதே அடைப்பு கரையை உடைக்கும். இப்போது பல இடங்களில் அந்த இடுக்குகளைக் கான்கிரீட்டால் நிரந்தரமாகவே அடைத்துவிடுகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்றைக்கு அதே முறையில் கட்டினால் நிற்குமா? பாறை அடியில் இருந்து, உயரம் ஒன்றரை மீட்டருக்குள் இருந்து, தலை நீளத்தைத் தாராளமாக வைத்தால், ஓடைகளுக்குக் கண்டிப்பாக நிற்கும், செலவும் குறையலாம். ஆழமான மணல் படுகை என்றால் வெட்டுச்சுவருக்குக் கான்கிரீட்டோ இரும்புத் தகட்டு முளையோ இல்லாமல் கட்டக்கூடாது. மணல் அள்ளி ஆற்றுப் படுகை தாழ்ந்துபோன இடங்களில் பழைய முறையை அப்படியே எடுப்பது ஆபத்து. படுகை ஒரு மீட்டர் தாழ்ந்தால் மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் கூடுகிறது, பருமணலில் 12 மீட்டர் ஊர்வழி பற்றாக்குறை. பழைய அணைகளுக்கும் இன்றைக்கு இருக்கும் உண்மையான அச்சுறுத்தல் அதுதான், வயது இல்லை.

எப்படிக் கட்டினாலும், வெள்ளம் வடிந்ததும் கீழ்நுனியில் நடந்து பார்க்கவேண்டும். கடப்பாரையால் கல் தளத்தைத் தட்டினால் கட்டிச் சத்தம் வரவேண்டும். பானையைத் தட்டிய மாதிரி வந்தால் அடியில் மணல் போய்விட்டது. கசிவு தெளிந்து வந்தால் கவலை இல்லை, அளவை மட்டும் மாதாமாதம் குறித்து வையுங்கள். கலங்கி வந்தால், தண்ணீரோடு மணலும் வருகிறது என்று பொருள், அன்றைக்கே கை வைக்கவேண்டும். களிமண்ணையோ சிமெண்ட்டையோ போட்டு அந்த வாயை அடைக்காதீர்கள்; அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். முதலில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கைக்கு அடங்கும் கல் என்று அடுக்கி, தண்ணீரைப் போகவிட்டு மணலை மட்டும் பிடிக்கவேண்டும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே ஒரு முழம் தண்ணீர் நிற்க வைத்தால் அந்த எதிர் எடையிலேயே கசிவு தணியும். கலங்கல் தெளிந்தது என்று உறுதியான பிறகுதான் மூட்டையை எடுக்கலாம்.